இரு துறைமுகங்களும் ஒரு கட்டியும்

திருகோணமலைப் பட்டினத்திலே, உட்துறைமுகத்தை நோக்கிச் செல்லும் வீதியொன்றின் மூலையில், இரண்டே கதிரைகள் கொண்ட சிறிய சலூன் ஒன்று இருக்கின்றது. மாதத்துக்கு ஒருமுறை அங்கே சென்று முடி வெட்டுவித்துக்கொள்வது என் நெடுநாள் வழக்கம். 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் அமர்ந்தேன். கடைக்காரர் வெள்ளைத் துணியை என் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். எடுத்ததை மறுபடியும் வைத்துவிட்டு, என் இடப்பக்கக் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார். “சேர், போன மாசம் இது கொட்டைப்பாக்களவு. இப்ப எலுமிச்சங்காயளவு வந்திட்டுது. டொக்டரிட்டக் காட்டினீங்களா?” என்று கேட்டார்.

காட்டினேன் என்றும் சொல்லலாம். காட்டவில்லை என்றும் சொல்லலாம். பெப்ரவரி மாதத்திலே, பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த நாட்களில், அந்தக் கட்டி முதன்முதலாக என் கைக்குத் தட்டுப்பட்டது. நோவு இல்லை, சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. நோவாத ஒன்றை நோய் என்று யார் எண்ணுவார்? அயலிலிருந்த வைத்தியர் ஒருவரிடம் போனேன். அவர் ஏழு நாட்களுக்கு நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகள் தந்து, “இரண்டு கிழமைக்குள் வற்றாவிட்டால் கட்டாயம் திரும்பி வாருங்கள்” என்றார். குளிசைகளை விழுங்கினேன், திரும்பிப் போகவில்லை. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து மேற்பார்வைக்கு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. புதிய வகுப்பறைக் கட்டடத்துக்குக் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. மாணவன் ஒருவனுக்கு மூன்று நாட் காய்ச்சல் என்றால் பெற்றாரை அழைத்துக் கண்டிக்கின்ற அதிபர், தன் சேட்டின் மேற்பொத்தானைப் பூட்டிக்கொண்டு தன் கட்டியை மறைத்துத் திரிந்தார் என்பதே உண்மை.

ஏப்பிரல் மாதத்தில் இரவிலே வியர்த்தது. தலையணை நனைந்து, உடுத்த சாரம் பிழியும்படியாக வியர்த்தது. திருகோணமலையின் சித்திரை வெயில் யாவரும் அறிந்தது. அதன் தலையிலே பழியைப் போட்டேன். இடுப்புப் பட்டியை இரண்டு துளைகள் உள்ளே இறுக்க நேர்ந்தது. அதனை ஒரு நன்மையாகவே கருதி, வயிறு குறைந்துவிட்டதென்று மனைவியிடம் பெருமையும் பேசினேன். இந்த மூன்றும், அதாவது காரணம் தெரியாத காய்ச்சல், உடை நனைய இரவு வியர்வை, ஆறு மாதத்துள் உடல் நிறையில் பத்திலொரு பங்கு குறைதல் ஆகிய மூன்றும், நிணநீர்ப் புற்றின் அடையாளங்களாக வைத்திய நூல்களிலே எழுதப்பட்டிருப்பவை. மூன்றில் இரண்டு என்னிடம் இருந்தன. நான் கலைப் பட்டதாரி. வரலாறு படித்தவன், விஞ்ஞானத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். ஆனால் அறியாமையை என் தவறுக்குச் சாட்டாக வைக்க மாட்டேன். திரும்பி வரச் சொன்ன வைத்தியரிடம் திரும்பிப் போகப் பட்டம் எதுவும் தேவையில்லை.

சலூனிலிருந்து நேரே வைத்தியசாலைக்குப் போனேன். முதலில் கசரோகமோ என்று ஐயுற்றார்கள். நம் நாடுகளில் கழுத்துக் கட்டி என்றதும் அந்த ஐயம் எழுவது இயல்பே. நுண்ணிய ஊசியைச் செலுத்திச் சில துளிகளை உறிஞ்சிப் பார்த்தார்கள். அதில் தெளிவு கிடைக்கவில்லை. பின்னர் உணர்வு மருந்து ஏற்றிக் கட்டியை முழுமையாக வெட்டி எடுத்தார்கள். ஏன் முழுவதும் என்று சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்டேன். ஒரு வீட்டின் செங்கல் ஒன்றைப் பார்த்து அது கோயிலா, பாடசாலையா என்று சொல்ல முடியாது. சுவர்கள் நிற்கும் ஒழுங்கைப் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார். நிணநீர்க்கணுவின் உள்ளமைப்பு எப்படிக் குலைந்திருக்கிறதென்று பார்த்தே இந்த நோயின் வகையைத் துணிகிறார்கள். அதற்கு முன்னர் வீக்கம் வற்றட்டும் என்று ஸ்டெரொயிட் குளிசை கொடுத்துவிட்டால், கட்டி தற்காலிகமாகக் கரைந்து, சோதனையும் குழம்பிவிடும் என்றும் அவர் சொன்னார். வற்றுகிற கட்டியெல்லாம் தீருகிற கட்டியன்று என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இரண்டு கிழமைகளின் பின் முடிவு வந்தது. மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார்கள். அங்கே புற்றுநோய் வைத்தியர் சொன்ன பெயர் நீளமானது: டிப்பியூஸ் லாஜ் பீ செல் லிம்போமா. நம் உடம்பைக் காக்கும் வெண்குழியங்களுள் ஒருவகையான பீ நிணநீர்க்குழியங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்த நோய். லிம்போமா வகைகள் பல்லாண்டு ஆராய்ச்சியின் பின் வகுக்கப்பட்டவை. 1832 ஆம் ஆண்டு லண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் ஹொட்கின் இத்தகைய நோயாளர் எழுவரைப் பற்றி முதலில் எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய நோய் ஒன்று. அதனின் வேறுபட்டவை பல. அந்தப் பலவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது எனக்கு வந்த இந்த வகைதான்.

பெயரைச் சொன்ன வைத்தியர், “இது அக்ரசிவ் வகை” என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். மூர்க்கமானது, பாய்ந்து தாக்குவது என்று அதற்குப் பொருள். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் சில நிமிடங்கள் என் காதில் ஏறவில்லை. என் மகன் பக்கத்தில் இருந்தபடியால் மிகுதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். அவன் குறித்துக்கொண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். ஏனெனில் அந்தச் சொல்லைக் கேட்டு மனமொடிந்து, சிகிச்சையே வேண்டாமென்று வீடு திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

லிம்போமாக்களில் மெல்ல வளர்வன உண்டு. விரைந்து வளர்வன உண்டு. மெல்ல வளர்வனவற்றோடு ஒருவர் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு, அதற்கு மேலும் வாழலாம். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவற்றை வேரோடு களைவது வழக்கமான மருந்துகளுக்கு அரிது. விரைந்து வளர்வனவோ, சிகிச்சை இல்லையேல் சில மாதங்களில் உயிரைக் கொண்டுபோய்விடும். சிகிச்சை செய்தாலோ, பெரும்பாலோருக்கு முற்றாகவே தீர்ந்துவிடும். இன்றைய வழக்கமான சிகிச்சையாலே இந்த வகை நோயாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர் குணமடைகிறார்கள். வயதும் நோய் பரவிய அளவும் இந்தக் கணக்கைக் கூட்டும், குறைக்கும். காரணம் எளிது. இரசாயன மருந்துகள் முக்கியமாகத் தாக்குவது பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் கலங்களையே. பெருகாமல் உறங்கிக்கிடக்கும் கலம் மருந்துக்குத் தப்பிவிடும்.

இதனை எனக்கு வைத்தியரிலும் தெளிவாக விளக்கியவர் ஒரு மீனவர். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பக்கத்தவர். என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவர். அதே நோய், அதே வாட்டு, பக்கத்துக் கட்டில். நான் அவரைக் காக்கா என்று அழைப்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். வைத்தியர் சொன்னதை நான் அவருக்குச் சுற்றி வளைத்துச் சொன்னபோது அவர் சிரித்தார். “மாஸ்டர், வலையில படுறது ஓடுற மீன்தான். சேத்துக்குள்ள அசையாமக் கிடக்கிறது படாது” என்றார். இருபத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு அப்படியோர் உவமை வாய்க்கவில்லை.

இனிச் சிகிச்சைக்கு வருகிறேன். ஐந்து மருந்துகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை ஆர்-சொப் என்கிறார்கள். இருபத்தொரு நாட்களுக்கு ஒருமுறை, ஆறு முறை. நான்கு மருந்துகளை முதல் நாளில் நாளத்தின் வழியாக ஏற்றுவார்கள். ஐந்தாவதான பிரெட்னிசொலோனை ஐந்து நாட்கள் வாயால் விழுங்க வேண்டும். மாலையில் திருகோணமலையிலே புகையிரதம் ஏறினால் விடியுமுன் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். அங்கிருந்து 138 ஆம் இலக்க பஸ் வண்டியில் மகரகம. வழியில் நித்திரை வருவதில்லை. எனவே வரலாற்று மாணவனின் பழக்கப்படி, எனக்கு ஏற்றப்படும் மருந்துகள் எங்கெங்கே பிறந்தன என்று தேடிப் படித்தேன். தேடியபோது வியப்பான ஒன்று அகப்பட்டது. என் மருந்துகளின் கதை ஒரு துறைமுகத்தைச் சுற்றியே ஓடியது.

எங்கள் துறைமுகம் 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்களாலே தாக்கப்பட்டது. என் தந்தையார் அப்போது எட்டு வயதுச் சிறுவர். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையைப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, தாயின் கையைப் பிடித்து நிலாவெளி வீதியால் நடந்ததை அவர் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாக்குதல் வருமென்று முன்கூட்டியே அறிந்து கப்பல்கள் பலவற்றை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவ்வாறு போன ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1943 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு, இத்தாலியின் தென்கிழக்கிலே அத்திரியாற்றிக் கடற்கரையிலுள்ள ஒரு துறைமுகத்தை ஜெர்மானிய விமானங்கள் தாக்கின. அந்தத் துறைமுகத்தின் பெயர் பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்த நம் வள்ளலின் பெயரேதான். ஆனால் அன்றிரவு அங்கே கொடையாகக் கிடைத்தது நஞ்சு. நின்ற கப்பல்களுள் ஜோன் ஹார்வி என்னும் அமெரிக்கக் கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. அது வெடித்தது. எண்ணெயும் நஞ்சும் கலந்த கடலிலே நீந்திக் கரை சேர்ந்தவர்களுள் 600 பேருக்கு மேல் நஞ்சேறி வைத்தியசாலைகளிலே சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 80 பேருக்கு மேல் இறந்தனர். காரணத்தை ஆராய அனுப்பப்பட்ட ஸ்டூவட் அலெக்சாந்தர் என்னும் இராணுவ வைத்தியர், அவர்களுடைய குருதியில் வெண்குழியங்கள் பெரிதும் அருகிப்போயிருப்பதைக் குறித்தார். வெண்குழியத்தை அழிக்கும் நஞ்சு, வெண்குழியம் வரம்பின்றிப் பெருகும் நோயையும் அழிக்குமன்றோ?

பாரி நிகழ்ச்சியாலேதான் புற்றுநோய் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. வரலாறு படித்தவன் இந்த இடத்தில் குறுக்கிட்டே ஆகவேண்டும். அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1942 ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே குட்மன், கில்மன் என்னும் இரு மருந்தியலாளரின் ஆராய்ச்சியின் பயனாக, கடுகு வாயுவின் உறவுப் பொருளான நைதரசன் கடுகு, லிம்போமா நோயாளர் ஒருவருக்கு ஊசியாக ஏற்றப்பட்டுவிட்டது. கழுத்திலும் நெஞ்சிலும் இருந்த கட்டிகள் சில நாட்களில் உருகிப்போயின. பின்னர் அவை திரும்பி வந்தன. அந்த ஆண்டு முடியுமுன் அவர் இறந்தார். யுத்த இரகசியமாக இருந்தபடியால் 1946 இலேதான் இந்த ஆராய்ச்சி வெளியுலகுக்குத் தெரிந்தது. பாரி தந்தது கண்டுபிடிப்பன்று, அந்த எண்ணத்துக்கு மேலும் ஒரு வலுவான சான்று எனலாம். எனக்கு ஏற்றிய சைக்ளொபொஸ்பமைட் என்னும் மருந்து அந்த நைதரசன் கடுகின் வழித்தோன்றல். 1950 களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலே உருவாக்கப்பட்டது.

இரண்டாவது மருந்து டொக்சொரூபிசின். செக்கச் செவேலென்று இருக்கும். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவக்கும். முதல் நாளில் நான் குருதி என்று எண்ணிப் பயந்துவிட்டேன். பாரியிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், காஸ்டெல் டெல் மொந்தே என்னும் பழைய கோட்டை இருக்கிறது. இரண்டாம் பிரெட்ரிக் என்னும் சக்கரவர்த்தி பதின்மூன்றாம் நூற்றாண்டில் எட்டு மூலைகளோடு கட்டுவித்தது. (எங்கள் ஊரிலும் ஒரு பிரெட்ரிக் கோட்டை உண்டு, அந்தப் பிரெட்ரிக் வேறு.) அந்தக் கோட்டையைச் சூழ்ந்த மண்ணிலே கண்டெடுத்த நுண்ணுயிரின் வழியாகவே 1960 களில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் இந்த மருந்தைப் பெற்றார்கள். அத்திரியாற்றிக் கடலின் நினைவாக அதற்கு அத்திரியாமைசின் என்று பெயரும் வைத்தார்கள். கடலிலே நஞ்சு கலந்த அதே கரையின் மண் மருந்தையும் தந்தது.

மூன்றாவது வின்கிறிஸ்டின். அதற்கு இத்தாலிவரை போக வேண்டியதில்லை. நம் வீட்டு முற்றத்திலும் மயானத்திலும் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுப்பது அது. தமிழ்நாட்டார் அதனை நித்தியகல்யாணி என்பார்கள். சுடுகாட்டு மல்லி என்பாரும் உண்டு. மடகஸ்காரிலிருந்து உலகமெங்கும் பரவிய செடி. நீரிழிவுக்கு நல்லதென்று ஜமேக்காவில் மக்கள் குடித்த கஷாயத்தைக் கனடாவிலே நோபிள், பியர் என்னும் இருவர் சோதித்தார்கள். சீனிச்சத்து குறையவில்லை, சோதனைப் பிராணிகளின் வெண்குழியங்கள் குறைந்தன. அங்கே 1958 இல் வின்பிளாஸ்டினும், சில ஆண்டுகளில் அமெரிக்காவிலே வின்கிறிஸ்டினும் வெளிப்பட்டன. இதைக் கேட்ட உறவினர் ஒருவர் மறுநாளே ஒரு கட்டுப் பட்டிப்பூ இலையைக் கொண்டுவந்து தந்தார். முள்ளுச்சீத்தா இலையும் கூடவே வந்தது. நேயர்களே, ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். இலையிலோ வேறு நஞ்சுகளும் பல உள. அவித்துக் குடிப்பது மருந்தாகாது. அன்போடு கொண்டுவந்தவரின் மனம் நோகாதபடி வாங்கி வைத்து, அவர் போனபின் வாழையடியில் போட்டோம்.

இந்தச் சேர்மானம் 1970 களிலே வகுக்கப்பட்டது. இதனிலும் கடுமையான சேர்மானங்கள் பல பின்னர் வந்தன; 1993 இல் அவற்றுள் மூன்றனோடு இதனை ஒப்பிட்டபோது, கடுமைக்கு ஏற்ற பலன் அவற்றில் இல்லையென்று கண்டார்கள். உண்மையான முன்னேற்றம் ரிட்டுக்சிமாப் என்னும் பிறபொருளெதிரியால் வந்தது. அது 1997 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பீ கலத்தின் மேற்பரப்பிலுள்ள சீடி இருபது என்னும் அடையாளத்தைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்வது அது. அறுபது வயதுக்கு மேற்பட்ட நோயாளரிடையே பிரான்சு நாட்டவர் நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழைய சேர்மானத்தால் நோய் முற்றாக மறைந்தோர் நூற்றுக்கு 63 பேர். ரிட்டுக்சிமாப்பும் சேர்ந்தபோது 76 பேர். முதல் முறை அதனை ஏற்றும்போது உடம்பு தூக்கிப்போட நடுங்கும். தாதி ஒருவர் இரண்டு கம்பளிகளைப் போர்த்தி, ஏற்றும் வேகத்தைக் குறைத்து, சிங்களத்திலும் தமிழிலுமாக ஆறுதல் சொன்னது மறக்கற்பாலதன்று. அரசாங்க வைத்தியசாலையாதலின் இத்தனை சிகிச்சைக்கும் என்னிடம் கட்டணம் கேட்கப்படவில்லை.

அந்த மாதங்களின் வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினேழாம் நாள் முடி கையோடு வந்தது. பிரெட்னிசொலோன் விழுங்கிய ஐந்து நாட்களும் நடுச்சாமத்தில் பசித்தது, நித்திரை இல்லை, இரவு இரண்டு மணிக்கு எழுந்து பதினோராம் வகுப்பு வரலாற்று விடைத்தாள்களைத் திருத்தினேன். புள்ளிகளைச் சற்றே தாராளமாக இட்டுவிட்டேனென்று பின்னர் தெரிந்தது. ஆறாம் நாள் அந்தப் போலித் தெம்பு வடிந்து, படியேறவும் முடியாமற் போகும். வின்கிறிஸ்டின் விரல் நுனிகளை மரக்கச் செய்தது. சேட்டுப் பொத்தானைப் பூட்ட மனைவியின் உதவி வேண்டியிருந்தது. கட்டியை மறைக்கப் பூட்டிய அதே மேற்பொத்தான்தான்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில் நல்ல வெண்குழியங்களும் குறைந்திருக்கும். அந்நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், அதாவது பரனைற்றிலே 100.4 ஆனால், எந்த நேரமாயினும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று மகரகமவில் எழுதியே தந்திருந்தார்கள். இரண்டாம் முறை ஏற்றிய பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு எனக்குக் காய்ச்சல் 38.4. மழை பெய்துகொண்டிருந்தது. “காலையில் போகலாம்” என்றேன். பெப்ரவரி மாதத்தில் என்னைக் கெடுத்த அதே வாய்தான் அப்படிச் சொல்லிற்று. மகன் ஒன்றும் பேசாமல் முச்சக்கரவண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் ஒரு மணி நேரத்துக்குள் நாளத்தின் வழியாக நுண்ணுயிர்கொல்லி ஏற்றினார்கள். விடியும்போது என் குருதி அமுக்கம் இறங்கி, மெல்லத்தான் ஏறியது. காலைவரை வீட்டில் இருந்திருந்தால் இன்று இந்த ஒலிவாங்கியின் முன்னால் வேறொருவர் அமர்ந்திருப்பார்.

காக்காவின் கட்டி என்னுடையதிலும் விரைவாகக் கரைந்தது. இரண்டாம் முறைக்குப் பிறகு கழுத்திலும் கக்கத்திலும் ஒன்றுமே இல்லை. மூன்றாம் முறைக்குரிய நாளில் அவரைக் காணவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். “எல்லாம் கரைஞ்சு போச்சு மாஸ்டர். இனி என்னத்துக்கு? மீன் படுற காலம். எஞ்சின் கடன் கிடக்கு” என்றார். ஒருமுறை மகரகமவுக்கு வந்துபோக அவருக்கு நான்கு நாட் தொழில் கெடும். துணைக்கு வருகின்ற மருமகனுக்கும் கெடும். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லையென்று சற்று முன்னே நான் சொன்னேன். மாதச் சம்பளக்காரனுக்கு அது முழு உண்மை. அவருக்குப் பாதி உண்மை. கண்ணுக்குத் தெரியாத கலங்கள் எஞ்சியிருக்கும், ஆறு முறை என்பது அவற்றுக்காகத்தான் என்றெல்லாம் சொன்னேன். 1942 இல் யேல் நோயாளருக்குக் கட்டி உருகித் திரும்பி வந்த கதையையும் சொன்னேன். “நீங்க படிச்ச ஆள் மாஸ்டர்” என்று சிரித்தார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். மூதூருக்குப் போகப் பஸ் வண்டி உண்டு. பாலங்கள் வந்தபின் அதிக நேரமும் ஆகாது. நான் போகவில்லை. எனக்கு உடம்பு இயலாதிருந்தது என்பது உண்மையே. ஆனால் அவ்வளவுதானா காரணம் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

2019 மே மாதத்தில் அவர் திரும்பி வந்தார். நோய் வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. அதே மருந்துகள் இம்முறை கேட்கவில்லை. நோய் மீண்டவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன: வீரியமான மருந்தைக் கொடுத்து, முன்னரே எடுத்து வைத்த அவர்களுடைய மூலக்கலங்களைத் திருப்பி ஏற்றுவது ஒன்று. நோயாளியின் ரீ நிணநீர்க்குழியங்களையே எடுத்து, மாற்றியமைத்து, நோயை எதிர்க்கத் திருப்பி அனுப்பும் கார்-ரீ சிகிச்சை மற்றொன்று. இது 2017 இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. பம்பாய்த் தொழில்நுட்ப நிறுவனமும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் சேர்ந்து உருவாக்கியது 2023 இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. காக்காவின் உடல்நிலை அவற்றுக்கெல்லாம் இடங்கொடுக்கவில்லை. அந்த ஆண்டு முடியுமுன் அவர் காலமானார். ஜனாஸாவுக்குப் போனேன். அவருடைய வள்ளம் கரையில் கவிழ்த்துக் கிடந்தது. எஞ்சின் இல்லை.

ஆறு முறையும் முடித்த எனக்கு 2018 நவம்பரில் எடுத்த சீ.ரீ. பரிசோதனையில் நோயின் சுவடு தெரியவில்லை. மனைவி கோணேசர் கோயிலில் வைத்த நேர்த்தியை நிறைவேற்றினாள். 2019 ஜனவரியில் பாடசாலைக்குத் திரும்பினேன். இந்த நோய் மீள்வதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே மீளும். அதைக் கடந்தவர்களுடைய ஆயுள் மற்றவர்களின் ஆயுளை ஏறத்தாழ ஒத்துவிடும் என்று வைத்தியர் சொன்னார். சிங்கப்பூரில் துணைப் பிரதமராயிருந்த லீ சியென் லூங் 1992 இல் லிம்போமாவுக்கு இரசாயன சிகிச்சை பெற்றுத் தேறி, 2004 முதல் 2024 வரை பிரதமராகவே இருந்தார். வாட்டிலே அந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். காக்காவின் கதையையும் சொல்வதுண்டு. முன்னையதைக் கேட்க எல்லோருக்கும் விருப்பம். பின்னையதைச் சொல்லும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

என் விரல் நுனிகளில் சிறிது மரப்பு இன்னும் இருக்கிறது. வெண்கட்டியைப் பிடித்துக் கரும்பலகையில் எழுதினால் எழுத்துச் சற்றே கோணுகிறது. கடைசி வாங்கில் இருக்கும் பையன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். ஏழு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மாதத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு கதிரைச் சலூனுக்குப் போகிறேன். முடி முன்போல அடர்த்தியாக இல்லை. வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். துணியைப் போர்த்தியதும் கடைக்காரர் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. முதலில் என் கழுத்தின் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், காதின் பின்புறம் என்று இரண்டு விரல்களாலே மெதுவாகத் தடவிப் பார்க்கிறார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன். “ஒண்டுமில்லை, சேர்” என்று சொல்லிவிட்டு வெட்டத் தொடங்குகிறார்.